தொரை வீட்டுக் கூஜா

லூயிஸுக்குக் கண்ணில் பூ விழுந்து மூன்று வருஷமாகிறது. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் லூயிஸ், இன்னொருத்தி அவர் பெண்டாட்டி அகதா. லூயிஸ் வாயைத் திறந்து ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஆகவே அகதா ஒருத்திதான் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

மலேசியாவில் சுண்ணாம்புமலை ரப்பர்த் தோட்டத்துப் பெரிய பங்களாவில் லூயிஸ் மேசை பரிமாறுகிறவர், அகதா சமையல். இருபத்தோரு வருஷமாக இதே வேலை, குசினிக்குப் பின்னால் இதே இரண்டறை வீடு. தோட்டத்துக்கு ஆபீஸ் காகிதத்தில் ஏதோ ஒரு சீமைப் பெயர் இருந்தது. அது எந்தத் தமிழன் வாயிலும் நுழையாததால் பங்களாவுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நிற்கிற மலையின் பெயரே தோட்டத்துக்கும் நிலைத்துவிட்டது. ஈப்போவுக்குப் பதினாலு மைல், காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ்.

பரிமாறுகிறவருக்குக் கண் தெரியவில்லை என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அகதா மறைத்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்காலிகள் இழுத்த இடத்தில் கிடக்காமல் பார்த்துக்கொண்டாள். எந்தத் தட்டில் எது இருக்கிறதென்று குசினி வாசலிலேயே காதோடு சொல்லி அனுப்பினாள். மிச்சத்தை லூயிஸின் கை பார்த்துக்கொண்டது. மேசை போடுகிறவர் அவரே என்பதால் தட்டிலிருந்து ஒரு சாண் வலப்பக்கம் கிளாஸ் இருக்கும் என்று கைக்குத் தெரியும். ஊற்றும்போது மனசுக்குள் மூன்று எண்ணுவார். மூன்றில் நிறுத்தினால் முக்கால் கிளாஸ்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணில் கத்தி வைத்துப் பூவை எடுக்கிறார்கள் என்று அகதாவும் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் சீட்டு எழுத வேண்டும். அந்தச் சீட்டு ஆபீஸைத் தாண்டித்தான் போகும். மூன்றாம் டிவிஷன் பத்துமலை அப்படித்தான் நெஞ்சு வலியென்று சீட்டு வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது ‘வேலைக்கு லாயக்கில்லை’ என்று காகிதம் காத்திருந்தது. அந்த மாசமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு லூயிஸ் கண்ணைப் பற்றிப் பேசவே விடவில்லை. அகதாவும் பேசி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

எழுபத்தாறாம் வருஷம் தோட்டம் கைமாறியது. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாகத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தார்கள், இதற்கும் முறை வந்தது. வாங்கியவர் ஈப்போ தவுக்கே, சீன முதலாளி ஒருவர். பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் தொரை சீமைக்குத் திரும்புவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஜெயபாலன் புதன்கிழமை குசினி வாசலில் வந்து நின்றான்.

“அகதாக்கா, ஞாயித்துக்கெழம மத்தியானம் தவுக்கே சாப்புட வாராரு. மருமகனும் வாரான். அவந்தான் இனிமே இங்க மானேஜரு.”

“எத்தன பேரு தம்பி?”

“வக்கீல் ஒருத்தரு, அப்புறம் நம்ம தொரை. நாலு பேருதான்லா. ஆனா விசயம் அதில்ல. பங்களாவ வச்சுக்கிறதா இருக்காரு, ஆளுங்கள வச்சுக்கிறதா வேணாமான்னு அன்னைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்னுட்டாரு.”

“பாத்துட்டுன்னா?”

“வேலையப் பாத்துட்டு. சமையல் ஒங்களுது, அதுல யாரு கொற சொல்லப் போறா. அண்ணன் மேசைய நல்லாச் செஞ்சுட்டாப் போதும்.”

அகதா அரிசியைக் களைந்துகொண்டே தலையாட்டினாள். வேலை போனால் வீடும் போகும். மகள் இசபெல்லா சித்தியவானில் இருக்கிறாள். அங்கே இரண்டு அறையில் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் ஏற்கனவே கால் நீட்ட இடமில்லாமல் கிடக்கிறார்கள்.

மறுநாள் காலை ஸ்டோர் அலமாரியைக் காலி பண்ணும்போது தொரை கையில் அது அகப்பட்டது. லூயிஸ் அதை டிகாண்டர் என்பார். அகதாவுக்கு அது கூஜாதான். தொப்பை பெருத்த கண்ணாடி, கழுத்து ஒரு விரலுக்கு மேல் இடம் கொடுக்காது. தொரைசாணி சீமைக்குப் போன வருஷம் யாரோ பாதி குடித்து மூடி வைத்த ஒயின், ஆறு வருஷத்தில் வற்றி, அடியில் வெற்றிலை எச்சில் காய்ந்த மாதிரி கருஞ்சிவப்பாய் இறுகிக் கிடந்தது.

“லூயிஸ், இது நல்லா கழுவு. ஞாயித்துக்கெழம சாப்பாடு முடிஞ்சா இதுலதான் போர்ட் ஒயின்,” என்றார் தொரை, தன் தொரைத் தமிழில்.

“யெஸ் சார்,” என்று லூயிஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடியிலிருந்த கறை அவர் கண்ணுக்கே தெரிந்தது என்றால் அது எவ்வளவு பெரிய கறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குசினியில் வைத்து அகதா வெந்நீரைத் தூக்கினாள். லூயிஸ் பதறிவிட்டார்.

“வெந்நி வேணாம். இது கிரிஸ்டலு, பட்டுனு விட்டுரும். நொய்யரிசி ஒரு கை போடு. வினிகர் ஊத்து.”

“குலுக்கட்டுமா?”

“குலுக்கக் கூடாது. சுத்தணும். கழுத்த ஒரு கையில புடிச்சுக்க, அடிய ஒரு கையில ஏந்திக்க. ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி. வேகம் வேணாம்.”

சுற்றினாள். அரிசி ஒரு பக்கமாய் ஓடி மறுபக்கம் வந்தது. கைமாற்றி அவர் சுற்றினார். மதியச் சமையலுக்கு நடுவே ஒரு தடவை, தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஒரு தடவை, பாத்திரம் கழுவிவிட்டு ஒரு தடவை. வினிகர் செங்காவி நிறமாய் வந்தது, கறை ஓரத்தில் மட்டும் கரைந்து நடுவில் அப்படியே நின்றது.

“போச்சா?” என்றார் லூயிஸ்.

“கொஞ்சம் போயிருக்கு.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“ஏன், ஒங்களுக்குத் தெரியலையா?”

கேட்டுவிட்டாள். வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியுமா? லூயிஸ் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து சுற்றினார்கள். பாதி போயிற்று. வாச்சுமேன் சன்னாசியிடம் பன்றி சுடுகிற தோட்டா ஒன்று கேட்டு, அதைப் பிரித்து உள்ளேயிருந்த ஈயக் குண்டுகளைப் போட்டுச் சுற்றச் சொன்னார் லூயிஸ். அவருக்கு முன்னால் இருந்த பழைய பரிமாறுகாரர் செய்த வித்தை அது. குண்டுகள் கண்ணாடிக்குள் மழை பெய்கிற மாதிரி சத்தம் போட்டன. அகதாவின் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது, அந்தி சாய்வதற்குள் கறையும் உரிந்து வந்துவிட்டது. ஒரு குண்டும் உள்ளே தங்காமல் எண்ணி எடுத்தாள். குழாயடியில் ஐந்து தடவை அலசி, ஜன்னல் திட்டில் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை விடிந்து பார்த்தால் கூஜா உள்ளே வெள்ளையாய்ப் புகைமூட்டம் போட்டிருந்தது.

மறுபடி கழுவினாள். காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் வெள்ளை. சோப்புப் போட்டுக் கழுவினாள். அதற்கும் மேல் வெள்ளை. கழுவக் கழுவக் கூடிக்கொண்டே போயிற்று. பத்து மணிக்கு அகதா குசினித் தரையில் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஐம்பது வயதில் ஒரு கண்ணாடிச் சாமானுக்காக அழுகிறோமே என்று வெட்கமாயும் இருந்தது.

லூயிஸ் சத்தம் கேட்டு வந்தார். “ஒடஞ்சு போச்சா?”

“ஒடஞ்சாலும் தேவல. வெள்ள வெள்ளையா வருதுங்க, கழுவக் கழுவ வருது.”

அவர் கூஜாவை வாங்கினார். கழுத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“சுண்ணாம்பு. எந்தத் தண்ணியில அலசுன?”

“பைப்புத் தண்ணிதான். வேற எங்க போவேன்?”

“அது மலத்தண்ணிலா. கெட்டில்ல வெள்ள வெள்ளையா ஏறுறத இருவத்தோரு வருசமா நீதான் தட்டித் தட்டிக் கொட்டுற. அந்தத் தண்ணியிலயே அலசிக் காய வச்சிருக்க.”

அகதாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகைக்கு நடுவிலேயே. ஊரிலுள்ள பாத்திரத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம் தன் புத்திக்கு எட்டவில்லையே.

“நான் இத்தன வருசமா கிளாஸெல்லாம் மழத்தண்ணியிலதான் அலசுறேன். நீ பாத்ததில்லையா?” என்றார் லூயிஸ்.

“பாத்திருக்கேன். தொரை வீட்டு ஆசாரம்னு நெனச்சுக்கிட்டேன்.”

மழைத்தண்ணீர் பிடிக்கிற தகர டிரம் காலியாகக் கிடந்தது. மூன்று வாரமாய் வெயில் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருந்தது, பால்மரத்து இலையெல்லாம் சுருண்டு தொங்கின. அது ஒரு பக்கம் இருக்க, படிந்த சுண்ணாம்பை எடுக்க வேண்டும். லூயிஸ் யோசித்துவிட்டு, “பால் ஸ்டோர்ல அப்பாவு இருக்கானா பாரு,” என்றார்.

அப்பாவு முப்பது வருஷமாகத் தொட்டியில் ரப்பர் பாலை உறைய வைக்கிறவன். அவன் அருகில் போனாலே புளித்த வாடை அடிக்கும். அகதா விஷயத்தைச் சொன்னதும் அவன் சின்னச் சீசாவில் ஆசிட்டை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான்.

“லூயிஸண்ணே, பாலு ஒறைய ஊத்துறது இது. ஒரு பங்குக்கு இருவது பங்கு தண்ணி கலக்கணும். தொட்டி ஓடெல்லாம் வெள்ள கட்டுனா இதத்தான் ஊத்துவோம். கண்ணுல பட்டுறாமப் பாத்துக்கண்ணே.”

“எங்கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது,” என்றார் லூயிஸ். அகதா வேறு பக்கம் பார்த்தாள்.

ஊற்றியதும் கண்ணாடிக்குள் பொடிப்பொடியாய் நுரை எழும்பிற்று. அப்பாவு கூஜாவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, “அண்ணே, பாரேன், எப்படிப் பொரியுது,” என்றான். லூயிஸ் அது இருந்த திசையைப் பார்த்து, “ஆமா, ஆமா,” என்று தலையாட்டினார். நுரை அடங்கியது. கொட்டிவிட்டு அப்படியே ஈரமாக வைத்திருந்தார்கள், காயவிடவில்லை. குழாய்ப் பக்கம் போகவும் இல்லை. இனி மழை பெய்தால்தான் உண்டு.

“மாதா கோயிலுக்கு மெழுகுத்திரி நேந்துக்கிட்டேன்,” என்றாள் அகதா.

“நான் மாரியம்மாவுக்குச் சொல்லிட்டுப் போறேன். எவ பெய்ய வச்சாலும் சரி,” என்று சொல்லிவிட்டு அப்பாவு ஸ்டோருக்குத் திரும்பினான்.

யார் பெய்ய வைத்தாளோ, நாலு மணிக்கு மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. அகதா நனைந்துகொண்டே கூரை விளிம்பில் வாளியைப் பிடித்தாள். முதல் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கச் சொல்லி உள்ளேயிருந்து லூயிஸ் கத்தினார். மூன்று தடவை அலசி, பழைய மஸ்லின் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைத்து, பரிமாறும் அறை மேசைமேல் வைத்தார்கள். மழைக்குப் பிந்திய வெயில் ஜன்னல் வழியே அதன்மேல் விழுந்தது. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். அகதாவுக்குப் பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டி வைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

“மூடிய எடு, போட்டுறலாம்,” என்று சொல்லிக்கொண்டே லூயிஸ் கையை நீட்டினார்.

கை கூஜாவுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. சட்டென்று அவர் கையை மேசைமேல் இறக்கி, தூசி துடைக்கிற மாதிரி இரண்டு தடவை தடவினார். “மேச ஈரமா இருக்கு,” என்றார்.

மேசை ஈரமாக இல்லை. அகதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மூன்று நாளும் அவர் கூஜாவை நேராகப் போய் எடுத்தார். கறை இருந்தது, எடுத்தார். பிறகு வெள்ளை இருந்தது, எடுத்தார். இப்போது கண்ணில் பட ஒன்றுமில்லை.

இரவு சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். “கழுத்துல ஒரு நாடா கட்டி வைக்கிறேங்க. சிவப்பு நாடா. அழகாவும் இருக்கும்.”

“டிகாண்டருக்கு எவனாச்சும் நாடா கட்டுவானா? ஆட்டுக்குட்டியா அது?”

“ஒரு அடையாளத்துக்குத்தான்.”

“யாருக்கு அடையாளம்?”

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். ஆனால் ஞாயிறு காலை இருதயநாதர் படத்திலிருந்து சிவப்பு நாடாவை அவிழ்த்துக் கழுத்தில் கட்டிவிட்டுத்தான் கறியைக் கிளறப் போனாள். மாசத்துக்கு ஒருதரம் சாமியார் வருகிற பூசை அன்றைக்குத்தான், இரண்டு பேராலும் போக முடியவில்லை.

சாப்பாடு குறையில்லாமல் போனது. ஆட்டுக்கறி, நண்டுப் பிரட்டல், பருப்பு, அன்னாசிப் பச்சடி. தவுக்கே வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு, இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். லூயிஸ் வெள்ளைக் கோட்டுப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் இடப்பக்கமாய் நீட்டி, வலப்பக்கமாய் எடுத்தார். கதவிடுக்கில் நின்று பார்த்த அகதாவுக்கே, கண் திரும்பிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

தட்டுகளை எடுத்தானதும் போர்ட்டுக்கான சின்ன கிளாஸுகளை அவரே வைத்துவிட்டு வந்தார். டிகாண்டரைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் அகதா பார்த்தாள், சிவப்பு நாடா அவிழ்த்து மடித்துத் தட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒயின் நிறைந்திருந்ததால் நாடா தேவைப்படவில்லை போலும். மூச்சு விட்டாள்.

தொரைக்கு ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. வக்கீலுக்கு ஊற்றினார். மருமகனுக்கு ஊற்றினார். வெயிலில் அந்தச் சிவப்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

தவுக்கே ஒயின் குடிக்கிறவரில்லை. கொண்டுவந்த பிராந்தியே அவருக்குப் போதும். வேண்டாம் என்பதற்கு அடையாளமாக, லூயிஸ் உள்ளே போயிருந்த நேரத்தில் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்திருந்தார். பெரிய மேசைகளில் எல்லாரும் செய்வதுதான், லூயிஸுக்கும் தெரிந்த பழக்கம்தான். கண்ணால் பார்க்கிறவனுக்குத்தான் அது அடையாளம்.

அகதா பார்த்துவிட்டாள். கத்துவதற்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பங்களாவில் குசினிக்காரி மேசையைப் பார்த்துக் கத்தியது கிடையாது.

லூயிஸ் ஒரு சாண் அளந்து, கையை நிறுத்தி, ஊற்றினார். ஒன்று. ஒயின் கவிழ்த்த கிளாஸின் பாதத்தில் விழுந்து சிதறி, வெள்ளை மேசைவிரிப்பில் ஓடியது. இரண்டு. நிரம்புகிற சத்தம் கேட்காததால் அவர் முகம் கொஞ்சம் சாய்ந்தது. மூன்று. தவுக்கேயின் மடியில் சொட்டியது.

தவுக்கே லூயிஸின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்கள் தன்னைப் பார்க்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. “தாக் அப்பா, தாக் அப்பா,” என்றார், பரவாயில்லை பரவாயில்லை என்று. தொரை எழுந்துவந்து லூயிஸின் கையிலிருந்து டிகாண்டரை மெதுவாக வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அகதா தாங்கியிருப்பாள்.

குசினிக்கு வந்த லூயிஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டாம் முயற்சியில்தான் ஆணி அகப்பட்டது. இந்தத் தடவை அவர் எதையும் துடைக்கிற மாதிரி நடிக்கவில்லை. பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜெயபாலன் வந்தான். கையில் பழைய பேப்பர் சுற்றிய பொட்டலம். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“தவுக்கே சொல்லிட்டாரு. அகதாக்கா இருக்கட்டுமாம். கறி அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. வீடும் இருக்கும். மேசைக்கு ஈப்போலேருந்து வேற ஆளு வாரானாம்.”

“இவரு?” என்றாள் அகதா.

“அண்ணன் பேரு செக்ரோல் சம்பளப் புஸ்தகத்துலேருந்து எடுத்தாச்சு. வீட்டுல இருக்கலாம், அதுக்கு ஒண்ணும் சொல்லல.” பொட்டலத்தை நீட்டினான். “இது தொரை குடுத்தாரு. இருவத்தோரு வருசத்துக்கு லூயிஸுக்குன்னு சொன்னாரு. நேர்ல வர அவருக்கு ஒரு மாதிரி இருக்கு போல.”

அவன் போன பிறகு அகதா பேப்பரைப் பிரித்தாள். கூஜாவேதான். கழுவித் துடைத்து, பளபளவென்று.

“என்னது?” என்றார் லூயிஸ்.

“கூஜா.”

அவர் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். பிறகு, “எங்க இருக்கு?” என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அகதா அதை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். “ஒங்களுக்கு முன்னாலதான், மேச மேல.”

“தெரியல அகதா. அன்னைக்கு மழத்தண்ணியில அலசி வச்சப்பவே தெரியல. கறை இருந்தப்ப நல்லாத் தெரிஞ்சிச்சு.”

“தெரியும்.”

“நாடாவ நான் அவுத்திருக்கக் கூடாது.”

“நாடா இருந்தாலும் அவரு கிளாஸக் கவுத்துத்தான் வச்சிருப்பாரு.” அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். “இனிமே யாருக்கு மறைக்கணும், சொல்லுங்க. நாளைக்குக் காலையில டிரெஸ்ஸர்ட்ட சீட்டு வாங்குவோம். ஆறே முக்கா பஸ்ஸுக்கு ஈப்போ போவோம்.”

“கத்தி வைப்பாங்க.”

“வைக்கட்டும். நான் வெளியில உக்காந்திருக்கேன்.”

அகதா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மத்தியானம் போட்ட, பால் விடாத கோப்பி ஓ ஒரு பெரிய குவளை நிறைய மிச்சமிருந்தது. அதைக் கொண்டுவந்து கூஜாவில் ஊற்றினாள். கறுப்பாய் நிறைந்து தோள் வரைக்கும் ஏறியது.

லூயிஸின் கை நேராகப் போய் அதன் கழுத்தைப் பிடித்தது.

“என்ன ஊத்துன?”

“கோப்பி.”

“சுடச்சுடவா ஊத்துன?”

“ஆறிப்போனதுதான்.”

அவர் விரல்கள் கண்ணாடியின் தொப்பையைச் சுற்றித் தடவின. “கறை புடிக்கும்டி,” என்றார்.

“புடிக்கட்டும்,” என்றாள் அகதா.